எதிர்க்கடைக் கறிவேப்பிலை

வரியைப் பற்றி முறையிடுவதில் எங்கள் கடைத்தெருவில் என்னை மிஞ்ச ஆளில்லை. இதைப் பெருமையாகத்தான் சொல்கிறேன். கடல் தாண்டி வந்து, கிளென் ஈடன் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் மளிகைக்கடை வைத்திருக்கிறேன். அரிசி, பருப்பு, புளி, அப்பளம், தேங்காய், வெள்ளிக்கிழமையானால் கொஞ்சம் பூ. இந்த நாட்டு ஜிஎஸ்டிக்குச் சாமானில் உயர்வு தாழ்வு தெரியாது. ஊதுபத்திக்கும் நூற்றுக்குப் பதினைந்து, உப்புக்கும் நூற்றுக்குப் பதினைந்து. "உப்புக்கு வரி போட்ட வெள்ளைக்காரனை எங்கள் ஊர்ப்பக்கம் என்ன பாடு படுத்தினோம் தெரியுமா?" என்று நான் ஆரம்பித்தால், அடுத்த கடையில் மருந்து விற்கும் வெள்ளைக்காரர் மரியாதையாகக் கடிகாரத்தைப் பார்ப்பார்.

வரி மட்டுமா? சரக்கு கப்பலில் வந்து இறங்கினால், பூச்சி இருக்கிறதா, விதை முளைக்குமா என்று பார்க்கத் துறைமுகத்தில் நிறுத்திவைப்பார்கள். பார்க்கட்டும். ஆடும் ஆப்பிளும் விற்றுப் பிழைக்கிற தேசம், பயம் இருக்கத்தான் செய்யும். ஆனால் அவர்கள் பார்த்து முடிக்கிறவரை பெட்டி நிற்கிற இடத்துக்கு வாடகை நான் கட்ட வேண்டும். ஒருமுறை கடுகு மூட்டையில் ஏதோ களைவிதை கலந்திருக்கிறதென்று மொத்தத்தையும் அழிக்கச் சொன்னார்கள். அழிக்கிற கூலியும் என் தலையில்தான் விழுந்தது. அந்த மாதம் எங்கள் வீட்டில் கடுகு வெடிக்கவில்லை, நான்தான் வெடித்துக்கொண்டிருந்தேன் என்று என் கணவர் இன்றுவரை சொல்லிச் சிரிக்கிறார்.

இந்த நிலையில்தான் உள்ளூர்ச் சபை ஒரு புதுத் திட்டத்தைக் கிளப்பியது. கடைத்தெருவை அழகுபடுத்தப் போகிறார்களாம். கடைகளுக்கு முன்னால் கார் நிறுத்தும் இடங்களை எடுத்துவிட்டு, மரப்பெஞ்சும் தொட்டியில் செடியும் வைப்பார்களாம். அந்தச் செலவுக்குக் கடைக்காரர்களிடமே தனியாக ஒரு வரி வாங்குவார்களாம். கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைப்பது என்று கேள்விப்பட்டிருக்கிறேன். இங்கே தேங்காய் விற்கிறவளிடமே அதைச் செய்யப் பார்த்தார்கள். பெரிய அரிசி மூட்டை வாங்க வருகிறவர் காரைக் கடை வாசலில் நிறுத்துவாரா, பெஞ்சில் உட்கார்ந்து செடியை ரசிப்பாரா? எங்கள் தெருவில் இரண்டு தமிழ்க்கடைகள் இருந்தன. பார்க்கிங்கும் போய், வரியும் வந்தால், இரண்டில் ஒன்றுதான் பிழைக்கும் என்று தெருவில் எல்லாரும் பேசிக்கொண்டார்கள். எனக்கும் அதில் சந்தேகமில்லை.

அந்த இன்னொரு கடையைப் பற்றிச் சொல்ல வேண்டும். சொன்னால் வயிறு எரியும். பரவாயில்லை.

என் கடைக்கு நேர் எதிரே, சாலைக்கு அந்தப் பக்கம், ஒரு யாழ்ப்பாணத்துப் பெண் கடை போட்டாள். என்னைவிட இளையவள். அதற்குமுன் முதியோர் இல்லத்தில் வேலை பார்த்தவள். கல்லாவுக்கு மேலே மாதா படம், அதன் கீழே சின்னதாக ஒரு சிவப்பு விளக்கு. மெதுவாகப் பேசுவாள். யார் என்ன கேட்டாலும் முதலில் "ஓம்" என்றுதான் சொல்வாள். இல்லாத சாமானுக்கும் ஓம்தான். பிறகுதான் இல்லையென்பது தெரியும். கேட்டவருக்கு அதற்குள் பாதிக் கோபம் போயிருக்கும். என் கடையில் இல்லையென்றால் நான் இல்லையென்று சொல்லிவிடுவேன். நேர்மை என்று நான் நினைத்ததற்குத் தெருவில் வேறு பெயர் இருந்தது.

அவள் கொடுத்த கறிவேப்பிலைதான் என்னைக் கொன்றது. கறிவேப்பிலை இங்கே வேலியோரத்தில் கிடைக்கிற சாமானில்லை. குளிரில் அந்தச் செடி சுருண்டுவிடும். கண்ணாடிக் கூடாரத்தில் வளர்ப்பவர்களிடம் வாங்கி, சின்னப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, விலை ஒட்டி விற்கிறேன். அவளோ யார் எதை வாங்கினாலும், ஒரு தீப்பெட்டி வாங்கினால்கூட, பையில் ஒரு கொத்துக் கறிவேப்பிலையைச் சும்மா போட்டு அனுப்புவாள். நகரின் தெற்கே தகனினியில் இருக்கும் அவள் தம்பி வீட்டுக்குப் பின்னால் பிளாஸ்டிக் கூடாரம் கட்டி, உள்ளே சின்ன ஹீட்டர் வைத்துச் செடி வளர்க்கிறானாம். பிள்ளையைக்கூட இங்கே அவ்வளவு சூடாக வளர்ப்பதில்லை.

கொசுறு யார் ஊர் வழக்கம்? எங்கள் ஊர் வழக்கம். காய்கறிக்காரனிடம் நாலு கத்திரிக்காய் வாங்கிவிட்டு, "கறிவேப்பிலை போடுப்பா" என்று கேட்காமல் கூடையை மூடிய பெண்பிள்ளை எங்கள் பக்கம் உண்டா? அந்த மண்ணில் பிறந்த நான் உறைக்கு விலை ஒட்ட, எங்களுடைய வழக்கத்தை எடுத்து எங்கள் ஆட்களையே அவள் வளைத்துக்கொண்டாள். சாலையைக் கடந்த முதல் ஆட்கள் தமிழ்நாட்டுக்காரர்கள்தான். ஆரம்பத்தில் என்னிடம் துவரம்பருப்பு வாங்கிக்கொண்டு, தாளிக்கிற சாமானுக்கு மட்டும் அங்கே போனார்கள். பிறகு பருப்பையும் அங்கேயே வாங்கிக்கொண்டார்கள். பையிலிருந்து பச்சையாக ஒரு கொத்து எட்டிப்பார்க்க, என் கடைக் கண்ணாடியைத் தாண்டிப் போவார்கள். போகிறபோது என்னைப் பார்த்துக் கையாட்டவும் செய்வார்கள்.

இதற்கு வரித்துறையில் ஒரு சட்டம் இருக்கும் என்று ஒருநாள் சாப்பாட்டு மேஜையில் சொன்னேன். "இப்படி வாரிக் குடுக்குறாளே, இதுக்கெல்லாம் அவ ஜிஎஸ்டி கட்டுறாளா?"

என் கணவர் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்ப்பவர். சாதம் பிசைவதை நிறுத்தாமல் கேட்டார். "ஏம்மா, சும்மா குடுக்குறதுல நூத்துக்குப் பதினஞ்சு எவ்வளவு வரும்? நீயே கணக்குப் போட்டுச் சொல்லு."

மகள் ஆங்கிலத்தில், எனக்கு அந்த ஆன்ட்டிமேல் பொறாமை என்றாள். ஆமாம், பொறாமைதான். அதற்கு நான் வேறு பெயர் தேடவில்லை. அடுத்த வீட்டுக்காரி பிள்ளை பெற்றாள் என்று அம்மிக்குழவியை எடுத்து வயிற்றில் குத்திக்கொண்டாளாம் ஒருத்தி. அவள் என் கடைக்கு வந்தால் உட்காரவைத்துக் காப்பி கொடுப்பேன்.

இதில் இன்னொரு வேதனை உண்டு. அவள் கடை திறந்த நாளில் நான் அங்கே போயிருந்தேன். நான் விருதுநகர்ப் பக்கத்து வியாபாரக் குடும்பத்தில் பிறந்தவள். போணி என்றால் என்னவென்று எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். காலையில் முதல் வியாபாரம் யார் கையால் நடக்கிறதோ, அதைப் பொறுத்துத்தான் அன்றைய நாள். புதுக்கடைக்கு முதல் போணி என்றால் கேட்கவே வேண்டாம். கைராசிக்காரர் யாரென்று விசாரித்து, வீட்டுக்குப் போய்க் கூப்பிட்டு வருவார்கள். எதிர்க்கடையில் போணி செய்யாதே என்பது எங்கள் வீட்டில் பால்குடிக்கிற பிள்ளைக்கும் தெரிந்த விஷயம். நம் ராசியை நாமே கொண்டுபோய்க் கொட்டிவிட்டு வருவதாகும் அது.

நான் போனது அவள் என்ன விலை வைத்திருக்கிறாள் என்று பார்க்க. கூட்டத்தோடு கூட்டமாக நுழைந்து வந்துவிடலாம் என்று நினைத்திருந்தேன். உள்ளே போனால் கூட்டமில்லை. நான் மட்டும்தான்.

"வாங்கோ அக்கா, வாங்கோ. நீங்கள்தான் முதல் ஆள்" என்றாள்.

சீரகத்தைப் பார்த்தேன். மல்லித்தூளைப் பார்த்தேன். எல்லாவற்றிலும் என்னைவிடச் சல்லிசாகப் போட்டிருந்தாள். வெறுங்கையோடு திரும்பினால் நான் வேவு பார்க்க வந்தது தெரிந்துவிடும். இருப்பதிலேயே விலை குறைந்த பொருள் எதுவென்று தேடி, கீழ்த்தட்டிலிருந்து ஒரு பாக்கெட் உப்பை எடுத்தேன். எடுத்த பிறகுதான் உறைத்தது. புதுவீட்டுக்குள் முதலில் எடுத்துவைக்கிற பொருள் உப்பு. மகாலட்சுமி என்பார்கள். எதிர்க்கடைக்கு முதல் போணி, அதுவும் வெள்ளிக்கிழமை, அதுவும் உப்பு. திரும்ப வைத்துவிடலாமா என்று பார்த்தேன். பிறகு மாதா படத்தைப் பார்த்துத் தைரியம் வந்தது. வேதக்காரிக்குப் போணியாவது கைராசியாவது என்று நினைத்துக் காசை நீட்டினேன்.

"உப்போ அக்கா? நல்ல சாமான்" என்று சொல்லி இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். உப்பு பாக்கெட்டோடு ஒரு கொத்துக் கறிவேப்பிலையைப் பையில் போட்டாள். அதுதான் நான் பார்த்த முதல் கொத்து.

என் கடையைத் திறந்த நாளையும் இங்கே சொல்லிவிடுகிறேன். அப்போது எனக்கு இந்தத் தெருவில் ஒருவரையும் தெரியாது. கணவர் வேலைக்குப் போயிருந்தார். ராசியில்லாத எவனாவது சில்லறை மாற்ற வந்து முதல் ஆளாகிவிடுவானோ என்று பயந்து, கதவைத் திறப்பதற்கு முன் நானே ஒரு பாக்கெட் சர்க்கரையை எடுத்து, என் பணத்தை என் கல்லாவில் போட்டு, எனக்கு நானே போணி செய்துகொண்டேன். அதைக் கெட்டிக்காரத்தனம் என்று வெகுநாள் நினைத்திருந்தேன்.

சரி, வரிக்கு வருகிறேன். சபைக்கு முன்னால் போய் எங்கள் தெருவின் குறையைச் சொல்ல ஒரு ஆளைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று முடிவாயிற்று. ஒரு ஆள்தான் பேசலாம், அதுவும் சில நிமிடம்தான். அந்த ஆள் நான்தான் என்பதில் எனக்கு ஐயமே இல்லை. இத்தனை வருஷம் முறையிட்டதெல்லாம் அந்தச் சில நிமிடத்துக்கான ஒத்திகை என்றே நினைத்தேன். கூட்டம்தான் அவள் கடையில் இருக்கிறது. பேச்சாவது என்னுடையதாக இருக்கட்டும்.

தயார் செய்வதற்காக நூலகத்துக்குப் போனேன். இந்த நாடு வெள்ளைக்காரரின் குடியேற்றமாகத் தொடங்கிய காலத்துப் பழைய பத்திரிகைகளைத் திரையில் பார்க்கலாம் என்று அங்கிருந்த பெண் காட்டிக்கொடுத்தாள். பார்க்கப் பார்க்க எனக்குச் சொந்த ஊருக்கு வந்த மாதிரி இருந்தது. அப்போதும் வியாபாரிகள் முறையிட்டிருக்கிறார்கள். கப்பலில் வந்த சரக்குக்குச் சுங்கமா, துறைமுகத்தில் இவ்வளவு கட்டணமா, வாங்குகிற வரிக்கு ஒரு நல்ல சாலை உண்டா என்று பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். கவர்னரை வாய்க்கு வந்தபடி ஏசியிருக்கிறார்கள். தாங்கள் கடை போட்டிருக்கிற நிலம் யாருடையது என்கிற கவலை மட்டும் நான் பார்த்தவரை ஒருவருக்கும் இல்லை.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. கவர்னரைத் திட்டி ஆரம்பிக்கிற முறையீடு பாதிக்குமேல் திசை மாறிவிடுகிறது. இன்னாருக்குச் சலுகை, எனக்கு இல்லை. அந்த ஊர்த் துறைமுகத்தில் கெடுபிடி இல்லை, இங்கே மட்டும் ஏன். வரி கட்டாமல் சரக்கு இறக்குகிறவன் என்னைவிடக் குறைத்து விற்கிறான். கோபம் கவர்னர் மேல் இல்லை, பக்கத்துக் கடைக்காரன் மேல். கோட்டும் தொப்பியும் போட்ட வெள்ளைக்காரத் துரைகளுக்கும் என்னை மாதிரியே ஒரு எதிர்க்கடை இருந்திருக்கிறது. அது எனக்கு ஆறுதலாக இருந்ததா, அவமானமாக இருந்ததா என்று இப்போதும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. ஆனால் என் பேச்சில் அந்த இரண்டாம் பாதியை நான் சேர்க்கவில்லை.

கூட்டம் மருந்துக்கடையின் பின்னறையில் நடந்தது. பேக்கரிக்காரர், முடிவெட்டுகிறவர், மீன்கடைத் தம்பதி என்று தெருவே வந்திருந்தது. என் கணவர் நாற்காலி தூக்கிப்போட வந்திருந்தார். நான் எழுந்து, சுங்கத்தில் ஆரம்பித்து, கவர்னர், உப்பு, ஜிஎஸ்டி, கடுகு வழியாக பெஞ்சுக்கு வந்து சேர்ந்தேன். வந்து சேர்ந்தபோது பேக்கரிக்காரர் கண்ணை மூடியிருந்தார். விடியுமுன் எழுகிற மனிதர், அவரைக் குறை சொல்ல முடியாது.

அவள் ஒரு பெரிய டப்பாவில் ரோல்ஸ் கொண்டுவந்திருந்தாள். உருளைக்கிழங்கு வைத்துச் சுருட்டி, ரஸ்க் தூளில் புரட்டிப் பொரித்தது, இன்னும் சூடாக இருந்தது. எழுந்து, அரிசி மூட்டை தூக்க முடியாத வயதானவர்கள் காரை எங்கே விடுவார்கள் என்று மட்டும் கேட்டுவிட்டு உட்கார்ந்தாள். பேச்சு முடிந்தது. ரோல்ஸ் சுற்றி வந்தது. கையைத் தூக்கச் சொன்னபோது எண்ணெய்க் கைகள் எல்லாம் அவளுக்காக உயர்ந்தன. எனக்காக உயர்ந்த கைகள், என்னுடையது நீங்கலாக, இரண்டு. ஒன்று என் கணவருடையது. அதற்கு ஓட்டுரிமையே இல்லை, கடைக்காரர்கள் மட்டும்தான் என்று மருந்துக்கடைக்காரர் வருத்தத்தோடு சொன்னார். மற்றொன்று அவளுடையது.

எனக்கு அழுகை வந்தது. தோற்றது ஒரு பக்கம், அவள் எனக்கு ஓட்டுப் போட்டது ஒரு பக்கம். தோற்கடித்ததோடு விட்டிருக்கலாம்.

வெளியே வந்து என் கையைப் பிடித்தாள். "அக்கா, நீங்களும் என்னோட வாங்கோ. எனக்கு அங்க கதைக்கப் பயமாக் கிடக்கு. நீங்கள் பக்கத்தில இருந்தாக் காணும், வேற ஒண்டும் வேண்டாம்."

"உனக்கென்னம்மா பயம்? ரெண்டு ரோல்ஸ் எடுத்துட்டுப் போ" என்றேன். அவள் சிரித்தாள். நான் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை.

போக மாட்டேன் என்றுதான் இருந்தேன். ஆனால் அவள் தடுமாறினால் பார்க்க வேண்டும் என்று ஆசை இருந்தது. போனேன். சபை மண்டபத்தில் கடைசிக்கு முந்தின வரிசையில் உட்கார்ந்தேன். அவள் கம்பளிச் சட்டை போட்டு, தலையை இழுத்து வாரி, பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி நின்றாள். அவளுடைய ஆங்கிலம் என்னுடையதைவிட மெலிந்தது. இரண்டு வாக்கியம் பார்க்கிங்கைப் பற்றிச் சொன்னாள். பிறகு திரும்பி, என்னைக் கையால் காட்டினாள்.

தான் கடை திறந்த அன்று முதலில் வந்த ஆள் எதிர்க்கடைக்காரி, அதோ இருக்கிறார் என்றாள். எங்கள் ஆட்களுக்கு முதல் வியாபாரம் யார் கையால் நடக்கிறது என்பது பெரிய காரியம். போட்டிக் கடைக்குப் போய் யாரும் அதைச் செய்ய மாட்டார்கள். இவர் வந்தார். உப்பு வாங்கினார். உப்பு எங்களுக்கு நல்ல சகுனம். அந்தக் கையால்தான் என் கடை நடக்கிறது. இந்த வரியும் வந்து காரும் நிற்காமல் போனால் எங்கள் இரண்டு கடைகளில் ஒன்றை மூட வேண்டிவரும். அது அவருடையதாக இருந்தால், என் கடையில் நான் எந்த முகத்தோடு உப்பு விற்பேன்? அவ்வளவுதான் சொன்னாள். நன்றி சொல்லி உட்கார்ந்தாள்.

சபை உறுப்பினர்கள் எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு அம்மாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நான் கவர்னர் காலத்திலிருந்து சேர்த்துவைத்த அத்தனை சங்கதியும் பைக்குள் இருந்தது. அதில் ஒரு வரிகூட இந்த வேலையைச் செய்திருக்காது. அது எனக்கு அங்கேயே தெரிந்தது, தெரிந்ததும் இன்னும் எரிந்தது. என்னைப் பற்றி இவ்வளவு நல்லதாக ஒரு பேச்சு நடக்க, அதைப் பேசுகிறவளும் அவளாகவே இருக்க வேண்டுமா?

கார் நிறுத்திய இடத்தில் அவளை மடக்கினேன்.

"உண்மையச் சொல்லு. நான் உன்னை வாழ்த்த வந்தேன்னா நினைச்சிட்டிருக்கே?"

"இல்லை அக்கா. நீங்கள் விலை பாக்க வந்தனீங்கள். எனக்கு அண்டைக்கே விளங்கினது. சீரகப் பாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பாத்தனீங்கள்."

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. "அப்புறம் ஏன் அங்க அப்படிச் சொன்னே?"

"ஒண்டும் வாங்காமப் போயிருக்கலாம்தானே? நீங்கள் உப்பெல்லோ வாங்கினீங்கள். அதுவும் வியாபாரக் குடும்பத்து ஆள். எங்கட ஊரில வருசப் பிறப்புக்கு நல்ல கையா ஒரு ஆளைப் பாத்துக் காசு வாங்குவம், கைவியளம் எண்டு சொல்லுறது. எனக்கு இஞ்ச குடுக்க ஆள் இல்லை. நீங்கள் வந்தனீங்கள்." பிறகு கேட்டாள். "உங்கட கடைக்கு ஆர் அக்கா முதல் வாங்கினது?"

பொய் சொல்லியிருக்கலாம். வரவில்லை. "நானேதான்" என்றேன்.

அவள் தலையை மட்டும் அசைத்தாள். ஓம் என்றுகூடச் சொல்லவில்லை.

வீட்டில் இதைச் சொன்னபோது என் கணவர், "உப்பிட்டவரை உள்ளளவும் நினைங்கறது பழமொழி. இவ உப்பு வாங்கினவளையே நினைச்சிருக்காளே" என்று வியந்தார். அவரைச் சாப்பிட்டு முடித்துவிட்டுப் பாத்திரம் துலக்கச் சொன்னேன்.

சில வாரம் கழித்துச் சபையின் முடிவு வந்தது. பார்க்கிங்கில் பெரும்பகுதியை விட்டுவைத்தார்கள். ஒரு பெஞ்சு மட்டும் வரும், அது மருந்துக்கடைக்கு முன்னால். வரி வந்தது, ஆனால் சொன்னதைவிடக் குறைவாக. வரியை முழுக்க ஒழித்த வியாபாரியை எந்தக் குடியேற்றத்திலும் காட்ட முடியாது என்று நூலகத்திலேயே தெரிந்துகொண்டுவிட்டேன். இரண்டு கடைகளும் பிழைத்தன. தெருவில் எல்லாரும் சாலையைக் கடந்துபோய் அவளுக்குக் கை கொடுத்தார்கள்.

மறுநாள் காலை மழை பிடித்துக்கொண்டிருந்தது. மழைநாளில் என் கடைக்கு ஈ, காக்கை வராது. கதவைத் திறந்து விளக்கைப் போட்டு, சாமி படத்துக்கு ஊதுபத்தி ஏற்றிக்கொண்டிருந்தேன். வாசலில் குடையை உதறிவிட்டு அவள் உள்ளே வந்தாள். இத்தனை நாளில் என் கடைக்குள் அவள் கால் வைத்தது அதுதான் முதல் முறை. சுற்றிப் பார்த்தாள். நேரே காய்கறித் தட்டுக்குப் போய், விலை ஒட்டின உறை ஒன்றை எடுத்து மேஜைமேல் வைத்தாள். கறிவேப்பிலை.

"ஏம்மா, உன் தம்பி வீட்டுல இது காடா வளருதே" என்றேன்.

"அது சும்மா குடுக்கிறது அக்கா. இது வாங்கிறது." பணத்தை இரண்டு கையாலும் நீட்டினாள். "வரியோட சேத்து எடுங்கோ. ரசீதும் தாங்கோ."

வாங்கிக் கண்ணில் ஒற்றிக் கல்லாவில் போட்டேன். ரசீது கொடுத்தேன். ஏதாவது கொசுறு போட்டாக வேண்டும் என்று கை பரபரத்தது. கறிவேப்பிலை வாங்கினவளுக்குக் கொசுறாக எதைக் கொடுப்பது? எங்கள் ஊர் வழக்கத்தில் இதற்கு வழி சொல்லவில்லை. உப்பைச் சும்மா கொடுக்கக் கூடாது, சண்டை வரும். கடைசியில் நாலு பச்சைமிளகாயை அள்ளி அவள் பையில் போட்டேன். என்னிடமிருந்து போவதற்கு அதுதான் பொருத்தம் என்று அவளும் நினைத்திருப்பாள். சிரித்துக்கொண்டே மழையில் இறங்கிச் சாலையைக் கடந்தாள்.

அன்று மழை விடவேயில்லை. ஆனால் ஆட்கள் வந்தார்கள். யாரோ வீட்டில் விசேஷமென்று மூட்டையாக அரிசி கேட்டார்கள். நகரின் இன்னொரு பக்கம் எப்சமிலிருந்து ஒரு குடும்பம் வழி விசாரித்துக்கொண்டு வந்து, இட்லி அரிசியும் நல்லெண்ணெயும் வாரிக்கொண்டு போனது. எப்போதோ சாலையைக் கடந்து போன பழைய முகங்கள் இரண்டு திரும்பி வந்து, என்னை நலம் விசாரித்தன. மதியம் சாப்பிட உட்கார நேரமில்லை. இந்தக் கடை திறந்த நாளாக, தீபாவளி தவிர்த்து, அப்படி ஒரு வியாபாரம் நடந்ததில்லை.

சாயங்காலம் ஷட்டரை இறக்கும்போது எதிரே பார்த்தேன். மாதா படத்துக்குக் கீழே சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. என் கை அவளுக்கு ராசி என்று சபை முன்னால் சொன்னாள். அவள் கை எனக்கு அதைவிட ராசி. இதிலும் அவள்தான் ஒரு படி மேலே. வயிறு எரிந்தது. மறுநாள் அவள் மறுபடியும் வருகிறாளா என்று பார்க்க, வழக்கத்தைவிடச் சீக்கிரமாகவே கடையைத் திறந்து வாசலில் நின்றேன்.